மாத்திரையை மறைத்த சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொல்ல ஆளுக்கு மூன்று நிமிடம். என் முதல் சாட்சிக்கு நான் எடுத்துக்கொண்டது இருபத்திரண்டு நிமிடம். பாஸ்டர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவை கடிகாரத்தை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

சாட்சி என்றால், ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன், கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது. காய்ச்சல் விட்டது, மகளுக்கு வரன் அமைந்தது, தொலைந்த ரேஷன் கார்டு கிடைத்தது, எதையும் சொல்லலாம். ஆனால் அதில் ஒரு போட்டி உண்டு. யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் உண்டு. விழுந்த குழி எவ்வளவு ஆழமோ அல்லேலூயா அவ்வளவு சத்தம். அன்றைக்கு எனக்கு முன்னால் எழுந்த அண்ணன், பாழுங்கிணற்றில் விழுந்து ஒரு பகல் முழுக்கப் பாம்போடு இருந்து பிழைத்து வந்தவர். தகரக் கூரை அதிர்ந்தது. அடுத்தது நான். என் கையில் இருந்த கதை என்ன? ஒரு குடிகாரன் பதினோரு மாதம் மாத்திரை சாப்பிட்டான், நடுவில் ஒருதரம் வழுக்கினான், மறுபடி எழுந்தான், ஒருவழியாகக் குடியை நிறுத்தினான். பாம்புக்குப் பிறகு மாத்திரையை யார் கேட்பார்கள்?

நான் திண்டுக்கல்லில் பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷின்தான். குடும்பப் போட்டோவைக் கொண்டுவந்து, இந்த ஆளை மட்டும் எடுத்துவிடுங்கள், இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்பார்கள். ஆளை எடுத்துவிடுவேன். பக்கத்தில் நிற்பவரின் தோளில் மிச்சமிருக்கும் கையை அழித்து, அங்கே சட்டையை நிரப்பிக் கொடுப்பேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. அன்றைக்கு என் கதையிலிருந்து இரண்டு ஆட்களை அப்படித்தான் எடுத்தேன்.

உள்ளது இதுதான். வத்தலக்குண்டில் ஒரு மண்டபத்துக்குப் பேனர் கட்டப் போனவன், கட்டி முடித்த கையோடு குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் நிற்கிற பக்கமாகச் சுவரோரம் கிடந்தேன். ஏணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சவாரி வந்த இடத்தில் என்னைப் பார்த்தது ஒரு ஆட்டோக்காரன். எங்கள் சபைக்காரன், ஆராதனையில் எனக்கு அடுத்த இடத்தில் உட்காருகிறவன். ஏணியை வண்டி மேலே கட்டினான், என்னை வண்டிக்குள்ளே போட்டான். வீட்டுக்குப் போவோமா, ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டானாம். சொர்க்கத்துக்குப் போ என்றேனாம். அங்கே நம்ம பர்மிட் செல்லாது மாப்ள என்று சொல்லிவிட்டு, திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நான் ஒழுங்காகச் சாப்பிட மாட்டேன் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறான். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசற்படி தாண்டாதவன். காலை ஆறரைக்கு, கடை திறப்பதற்கு முன்னால், மொபெட்டில் என் வீட்டுக்கு வந்துவிடுவான். மாத்திரையை என் கையில் வைத்து, விழுங்குகிறவரை எதிரே நிற்பான். பிறகு வாயைத் திற என்பான், நாக்கைத் தூக்கு என்பான். என் பிள்ளைகள் முன்னாலேயே. அவன் போகிற நேரத்துக்கு ஆட்டோக்காரன் வருவான். என் தோளில் கை வைத்து ஜெபிப்பான். அவனுக்கு நீளமாக ஜெபிக்க வராது. "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள்" என்பான். அவ்வளவுதான். மறுநாளும் அதே ஜெபம். என்னைக் கடைக்குக் கொண்டுவந்து விடுகிறபோது ஒயின்ஷாப் இல்லாத தெருவாகப் பார்த்து ஓட்டுவான். எங்கள் ஊரில் அப்படி ஓட்டினால் பத்து நிமிட வழி அரை மணி நேரமாகும். நாலாவது மாதம் நான் வழுக்கினேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் ஆறரைக்கு மொபெட் சத்தம் கேட்டது.

இதைத்தான் நான் சாட்சியில் இப்படிச் சொன்னேன்: பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தேன். தூரத்தில் எங்கேயோ ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது. ஆண்டவரே என்று அலறினேன். அந்த நிமிடமே சாராய வாடை எனக்குக் குமட்டியது. அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை.

கூரை பாம்புக்கு அதிர்ந்ததைவிட அதிகமாக அதிர்ந்தது. ஆட்டோக்காரனும் கை தூக்கி அல்லேலூயா சொன்னான். அவனை அந்த நிமிடம் பார்க்காமலிருக்க நான் கண்ணை மூடி உருகினேன். மருந்துக்கடைக்காரனை அன்றைக்கு நானே கூப்பிட்டிருந்தேன், என் சாட்சியைக் கேட்கட்டும் என்று. கடைசி வரிசையில், நாற்காலி நுனியில், செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஏண்டா, அந்தப் பாட்டு ஆறரை மணிக்கா கேட்டுச்சு?"

கர்த்தருக்கு மகிமை போகட்டும் என்றுதான் உங்களைச் சொல்லவில்லை என்றேன். அவன் தலையை ஆட்டினான். என் மனைவி வீட்டில், நல்லாப் பேசுனீங்க என்றாள். அன்றைக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை.

அங்கே நிறுத்தியிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். ஆனால் அழைப்பு வர ஆரம்பித்தது. சின்னாளபட்டியில் ஒரு சபை, ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கூடுகை, கன்னிவாடியில் ஒரு கூட்டம். 'விடுதலை பெற்ற சகோதரர் சாட்சி கூறுவார்' என்று பிளக்ஸ் வைத்தார்கள். அடித்தது யார்? நான்தான். என் போட்டோவைச் சுற்றி ஒளிவட்டம் போடவில்லை, அந்த அளவு அடக்கம் இருந்தது. கன்னம் மட்டும் கொஞ்சம் நிறம் ஏற்றினேன். ஊருக்கு ஊர் கதையும் நிறம் ஏறியது. சின்னாளபட்டியில் நான் பஸ்ஸுக்குப் பக்கத்தில் கிடந்தேன். ஒட்டன்சத்திரத்தில் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தேன். கன்னிவாடியில் டயர் என் தலைக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. மலையடிவாரத்துக் காற்று அப்படி.

கன்னிவாடியில் கூட்டம் முடிந்து ஒரு வயதானவர் என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். என் மகனும் இப்படித்தான், அவனுக்காக ஜெபியுங்கள் என்றார். ஜெபித்தேன். கை நடுங்கியது. அவர் அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊருக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும். சாட்சி சொன்ன அதே நாள், சாட்சிக்கென்று தேய்த்துப் போட்ட அதே வெள்ளைச் சட்டை. என் மனைவி போன் பண்ணி, ஆட்டோக்காரன்தான் தேடி வந்தான். மறுநாளிலிருந்து மறுபடி மாத்திரை, மறுபடி வாயைத் திற, நாக்கைத் தூக்கு.

இனி எந்த ஊருக்கும் போகமாட்டேன் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். சொல்லி ஆறாவது வாரம் நிலக்கோட்டைக்குப் போனேன். அவர்கள் ஏற்கெனவே பிளக்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். என் கடைக்கே ஆர்டர் வந்தால் என்ன செய்வது?

நிலக்கோட்டையில் சின்ன ஜெப வீடு. பூ பறிக்கிற பெண்கள் நிறையப் பேர். கூட்டம் முடிந்து எல்லாரும் சுற்றி நிற்கிறபோது, ஒரு பெண் முன்னால் வந்தாள். இரண்டு காணியில் மல்லிகை போட்டிருக்கிறவர்கள். புருஷன் குடிக்கிறவர், தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். இப்போது அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பதாகவும், நாலு நாளாகக் குடியைக் குறைத்திருப்பதாகவும் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, நீங்க மாத்திரை ஏதும் சாப்டீகளா?"

என் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. காலையில் ஒன்று உடைத்திருந்தேன். சுற்றி முப்பது பேர் நின்றார்கள், எல்லார் கண்ணும் என் வாயின் மேல் இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் என் நாக்கு என்னைக் கேட்டு அசைவதில்லை.

"கர்த்தர் ஒருத்தர்தாம்மா மாத்திரை. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், ஆமென் சொன்னார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. பெரிய சுமையை யாரோ இறக்கி வைத்த மாதிரி சிரித்தாள்.

பத்து நாள் கழித்து அவள் என் கடைக்கு வந்தாள். பிளக்ஸின் கீழ் மூலையில் கடை விலாசம் போடுவது என் வழக்கம். அதைப் பார்த்து வந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் என் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவரும் மனசு இளகி, இனிமேல் சாராயமும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம், அந்த அண்ணனைப் போல விசுவாசத்தில் நிற்கிறேன் என்று இரண்டையும் ஒரே நாளில் விட்டிருக்கிறார். மூன்றாம் நாள் விடிகாலையில் பூ மார்க்கெட்டில், கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்துவிட்டார். குடியை ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் திருப்பி அடிக்கும் என்று எனக்கு டாக்டர் சொல்லியிருந்தார். காரை எலும்பு முறிந்தது. நாக்கைக் கடித்து ஆறு தையல். திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வாரமாகக் கிடக்கிறார்.

என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்களுக்கு விசுவாசம் பத்தலண்ணே" என்றாள். "நான் அன்னைக்கு மனசுக்குள்ள கொஞ்சம் சந்தேகப்பட்டேன். அதான் இப்படி ஆயிருச்சு. நீங்க ஒரு நடை வந்து ஜெபம் பண்ணுங்க."

சாயங்காலம் வருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவள் போன பிறகு மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் பேனர், ரோல் தீர்ந்தும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை.

ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். எல்லாம் சொன்னேன். மாத்திரை ஜோக்கையும் சொன்னேன். அதைச் சொல்கிறபோதுகூட, வெட்கக்கேடு, அது நல்ல ஜோக்தான் என்று மனதில் ஒரு ஓரத்தில் ஓடியது. அவன் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரனுக்குப் போன் பண்ணி வரச் சொன்னான். வந்தவன் நின்றுகொண்டே கேட்டான், உட்காரவில்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். டாக்டர் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, நன்றாக ஜெபம் பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன், பழைய கதையெல்லாம் எதற்கு என்றேன். அவர்கள் விசுவாசம் தளர்ந்துவிடக் கூடாது பாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மருந்துக்கடைக்காரன் சொன்னான்: "ஏலே, அந்தப் பொம்பள தன்னைக் குத்தஞ்சொல்லிக்கிட்டு உக்காந்துருக்கா. அம்புட்டும் உன் குத்தம். அத அவ கையில இருந்து வாங்கிட்டு வா. அதுக்கப்புறம் ஜெபம் பண்ணு, பண்ணாமப் போ."

அவனுக்கு எங்கள் சாமி இல்லை. எங்கள் பிரசங்கம் எதையும் அவன் கேட்டதில்லை. என் வாழ்க்கையில் என்னை அப்படி மண்டியிட வைத்த பிரசங்கம் அதுதான். ஆட்டோக்காரன் வண்டியை எடுத்தான். நீ பேசுறப்ப நாங்க பக்கத்துல நிப்போம், பயப்படாத என்றான். பத்து நிமிட வழியைப் பத்து நிமிடத்தில் போனான்.

வார்டில் அவள் புருஷன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தோளில் கட்டு. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மல்லிகை மொட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெபத்துக்குத் தயாரானாள். அது போதும் ஒருத்தனைக் கொல்ல.

நான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் பாட்டு கேட்கவில்லை என்றேன். இவன்தான் என்னைத் தூக்கினான், இவன்தான் மாத்திரை கொடுத்தான் என்று இரண்டு பேரையும் காட்டினேன். பதினோரு மாதம் என்றேன். இரண்டு தடவை வழுக்கினேன் என்றேன். நிலக்கோட்டைக்கு வந்த அன்றைக்கும் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை வழுக்கியது சாட்சி சொல்லிவிட்டு வந்த வழியில் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரத்திலும் எனக்கென்று ஒரு சின்ன மூலையை மிச்சம் வைத்துக்கொண்டேன்.

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்கவில்லை, மருந்துக்கடைக்காரனைக் கேட்டாள்.

"அப்ப எங்க விசுவாசத்துல குறையில்லையா?"

"உங்களுக்கெல்லாம் ஒரு குறையுமில்லம்மா" என்றான் அவன், திருநீற்று நெற்றியோடு.

அவள் அழுதாள். கட்டிலில் இருந்தவர் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தையல் போட்ட நாக்கால் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, அவளுக்குப் புரிந்தது, எனக்குச் சொல்லவில்லை. நான் கையை நீட்டி ஜெபிக்கப் போனேன். பழக்க தோஷம்.

"நீங்க வேணாம்ணே" என்றாள். "அந்த அண்ணன் பண்ணட்டும்."

ஆட்டோக்காரன் அவர் காலைத் தொட்டுக்கொண்டு, இன்றைக்கு ஒரு நாள் என்று ஜெபித்தான். முடித்துவிட்டான். அவள் இன்னும் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே நின்றாள்.

அன்று ராத்திரியே பாஸ்டரிடம் போனேன். அவர் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். உங்களை ஊரூராக அனுப்பியது நானும்தானே என்றார். ஞாயிற்றுக்கிழமை நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் அது ஒழுங்கு நடவடிக்கை ஆகிவிடும் என்றார்.

சொன்னேன். கூரை ஒன்றும் அதிரவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. பாம்போடு கிணற்றில் கிடந்த அண்ணன் குனிந்து தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏனென்று நான் கேட்கவில்லை. கன்னிவாடிக்கும் சின்னாளபட்டிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நிலக்கோட்டைக்கும் போய்ச் சொன்னேன். ஒரு ஊரில் மைக் கொடுக்கவில்லை, வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன். கன்னிவாடியில் அந்த வயதானவரைத் தேடினேன். மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் தலையில் வைத்த கையை எடுக்க முடியாமலே இருக்கிறது.

விடுதலை என்று நான் ஊரெல்லாம் சொன்னேனே, அது எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எந்த ஊரில் டயர் எத்தனை சாண் தள்ளி நின்றது என்று ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. ஆட்டோக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறபோது கண்ணை மூட வேண்டியதில்லை. கர்த்தர் என்னைத் தூக்கினார் என்பதை இப்போதும் சொல்கிறேன், மனசாரச் சொல்கிறேன். மொபெட்டில் வந்தார், ஆட்டோவில் வந்தார், ஆறரைக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் குற்றவுணர்ச்சி போய்விட்டதா என்றால், இல்லை. மேகமூட்டமான நாளில் அந்த மனிதருக்குத் தோள் வலிக்கிறதாம். மழை வரும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் போன் பண்ணினாள். அதற்கு முன் ஒருதரம்கூடப் பண்ணியதில்லை. மாத்திரை, டாக்டர் எல்லாவற்றையும் மருந்துக்கடைக்காரனிடம்தான் கேட்டுக்கொள்வாள். குரல் சாதாரணமாக இருந்தது.

நேற்று அவர் குடித்துவிட்டார் என்றாள். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில். காலையிலிருந்து சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், தோட்டத்தில் மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்திருக்கிறார். இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஜெபத்துக்கு வருவேன் என்கிறாராம்.

நான் வந்து ஜெபிக்கட்டுமா என்று கேட்கவில்லை. அந்த உரிமை எனக்கில்லை. நண்பர்கள் இருவரையும் அனுப்புகிறேன் என்றேன்.

"அவுகளுக்குச் சொல்லியாச்சு, வாராக" என்றாள். "உங்ககிட்ட வேற கேக்கணும். ரெண்டு தடவ விழுந்தேன்னு சொன்னீக. ரெண்டாவது தடவ எப்படி எந்திரிச்சீக? அத அவர்கிட்ட சொல்லுங்க. போன அவர் காதுல வைக்கிறேன்."

செருப்புச் சத்தம் கேட்டது, மோட்டார் சத்தம் கேட்டது, அவள் யாரையோ திரும்பச் சொல்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு மட்டும் கேட்டது. என் சாட்சியை நம்பி நாக்கைக் கடித்துக்கொண்டவரின் மூச்சு.

என் வாயில் ஒரு ஜோக் வந்து நின்றது. விழுங்கினேன்.

"அண்ணே" என்றேன். "ரெண்டாவது தடவ நான் எப்ப குடிச்சேன்னு யாருக்கும் சொல்லல. கன்னிவாடில சாட்சி சொல்லிட்டு வந்தேன் பாத்தீகளா, அன்னைக்குத்தான். அந்தச் சட்டையோடயே."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர், தையல் பிரித்த நாக்கால், மெதுவாகக் கேட்டார்.

"மறுநா என்ன செஞ்சீக?"

நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.